சொல்லிக் கொடுத்த பேச்சு

"கொஞ்சந்தாம்மா. எங்க, இன்னொரு தரம் சொல்லு" என்றார் வக்கீல் ஹரிபாபு.

திருப்பதி கல்யாண மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் நின்றிருந்த தாட்சாயணி ஒப்பித்தாள்.

"என் வீட்டுக்காரரைக் கொன்னவன் ஜெயில்ல கீறான். நாளைக்கு அவன் பெயில்ல வந்தா எனக்கு யாரும் சொல்லமாட்டாங்க. அதனால இந்தச் சட்டம் வரணும்."

"ரைட். கொன்னவன் பேரை மட்டும் எடுக்காத. கேஸ் நடந்துக்கினு கீது. நடுவுல கொஞ்சம் அழுதுடு."

"சட்டம் வந்தா நெஜமாவே வந்து சொல்லுவாங்களா சார்?"

"சொல்லாம? கலெக்டரே உன் வீடு தேடி வருவாரு!"

மாநிலச் சட்டத்துறையைச் சீர்திருத்த வரப்போகும் மசோதாவுக்கு ஆதரவுக் கூட்டம் அது. கைதி வெளியே வந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அன்றைக்கே தகவல் சொல்லியாக வேண்டும். அதுதான் மசோதாவில் முக்கியமான விஷயம். அதற்கென அமையப்போகும் கமிட்டியில் ஹரிபாபுவுக்கு ஒரு நாற்காலி மேல் கண்.

காலையிலிருந்து மேடையில் பேசித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நிஜக் கண்ணீர் இல்லாமல் டிவிக்காரன் காமிராவைத் திருப்பமாட்டான். அதற்காகத்தான் குடிபாலா கிராமத்துக்குக் கார் அனுப்பி இவளை வரவழைத்திருந்தார்.

தாட்சாயணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மதிய விருந்துச் செலவை ஏற்றுக்கொண்ட ரியல் எஸ்டேட் பிரமுகர், சிரித்த முகத்தோடு அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல்.

மைக் முன்னால் நின்றாள். பேச்சு வரவில்லை.

"மாட்லாடம்மா! பேசு!" ஓரத்தில் நின்று பல்லைக் கடித்தார் ஹரிபாபு.

அவள் பொன்னாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை. காமிராவையும் பார்க்கவில்லை.

சலசலப்பு எழுந்தது. டிவிக்காரர் காமிராவைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். ஹரிபாபு ஓடிப்போய் மைக்கைப் பிடித்து, கிராமத்துப் பெண், கூச்சப்படுகிறாள் என்று தெலுங்கில் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் வெடித்தார்.

"யாருக்காக இந்தச் சட்டம் கொண்டாறோம்? உங்களுக்காகத்தானே? ஏசி கார்ல கூட்டிக்கினு வந்து மேடையேத்துனா மரம் மாதிரி நிக்கிற! புருஷனைப் பறிகுடுத்தவளுக்கு நாலு வார்த்தை பேச வாய் வரலியா? உங்களுக்கெல்லாம் நல்லது பண்ண வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவள் பொன்னாடையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"இது எனக்கெதுக்கு? வீட்டுக்கு எடுத்துக்கினு போ."

"வேணாம் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க" என்றாள் தாட்சாயணி. "இதைப் போத்துனாரே, அவரை ஜெயில்லேர்ந்து எப்ப சார் வுட்டாங்க?"