பாதிச் சூளை

"பாதி சூளையக் காலியா வச்சிக்கிட்டு எதுக்குங்க பத்த வைக்கிறீங்க?" என்று கேட்டாள் கயல்விழி.

குருமூர்த்தி சூடத்தட்டைக் கையில் எடுத்திருந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் அவருக்கு, பெங்களூர் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் தருவதாக இருந்தது. ஆனால், சூளையிலிருந்து காற்றில் கலக்கும் கார்பனைக் குறைத்துக் காட்டினால்தான் தருவார்களாம். அதைச் சோதிக்க அவர்கள் அனுப்பிய இன்ஜினியர்தான் கயல்விழி.

"வெள்ளிக்கிழமையானா சூடம் காட்டிப் பத்த வச்சிடணும்மா. சரக்கு ரொம்புனாலும் சரி, ரொம்பாட்டியும் சரி. எங்க வூட்டு வழக்கம்."

"பாதி சரக்குன்னாலும் கேஸ் ஏறக்குறைய அதே அளவுதாங்க எரியும். பக்கத்து யூனிட்டுலயும் வெள்ளிக்கிழமைதான் பத்த வைக்கிறாங்க. அதுவும் பாதிதான். ரெண்டு பேர் சரக்கையும் ஒரே சூளையில சுட்டா என்ன?"

"பக்கத்து யூனிட்டா?" குருமூர்த்தியின் முகம் சுண்டிப்போனது. "அவங்க மொதல்ல இங்கதாம்மா இருந்தாங்க. 'சூளை ரொம்பட்டும், அப்புறம் பத்த வைக்கலாம்'னு அன்னிக்கே சொன்னாங்க. ஆளுங்க முன்னாடியே, 'ஒனக்கு என்ன தெரியும், வாய மூடு'ன்னுட்டேன். மறுமாசமே லோன் வாங்கி, சுவரு ஒட்டித் தனியா சூளை போட்டுட்டாங்க."

ஊரில் அவரை மூளைக்காரர் என்பார்கள். அந்த மூளை இத்தனை வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் வெறும் காற்றைச் சுட்டுக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"திங்கக்கிழமை நான் ரிப்போர்ட் அனுப்பணுங்க. இப்படியே எழுதினா ஆர்டர் கிடைக்காது."

வெளியே பெண்கள் பொம்மைகளுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தார்கள். இந்த ஆர்டர் கைநழுவினால் அவர்களில் பாதிப் பேரை வேலையை விட்டு நிறுத்த வேண்டியதுதான். குருமூர்த்தி சூடத்தட்டைக் கீழே வைத்தார்.

"என் கௌரவத்த வச்சி என்ன பண்றது? நானே பேசறேம்மா. கால்ல வேணாலும் வுழறேன்."

"நான் போயி பேசட்டுங்களா? உங்களப் பார்த்ததும் அவங்க கதவச் சாத்திட்டா?"

"வேணாம்மா," என்று அசடு வழியச் சிரித்தார் குருமூர்த்தி. "சாயங்காலம் என் வண்டியில பின்னாடி ஒக்காந்துதான் வூட்டுக்கு வருவாங்க. வழியிலயே மன்னிப்பு கேட்டுடறேன். வூட்டுல போயி கேட்டா, எங்க புள்ளைங்க ரெண்டும் சிரிக்கும்!"