ஊதுங்க

"பக்கத்து மாநிலத்துல குடிச்சிட்டு ஓட்டினாலும் அங்க தர்ற தண்டனை இங்கேயும் செல்லும். உங்க லைசென்ஸ் போயிடும்" என்றார் வக்கீல்.

டாக்சி டிரைவர் தலைகுனிந்தார். "குடிச்சது நிஜம் சார். ஒத்துக்கிறேன்."

"வண்டி ஓட்டலைன்னா சோத்துக்கு என்ன பண்ணுவீங்க? குத்தத்தை மறுங்க. உங்களைப் பிடிச்ச போலீஸ்காரம்மா கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லணும். அவங்க தடுமாறினா தப்பிச்சுடலாம்."

டிரைவர் நிமிர்ந்தார். "அவங்களே நேர்ல வரணுமா?"

"கண்டிப்பா."

"அப்போ மறுத்துடுங்க சார். ஆனா அவங்களைத் துருவித் துருவிக் கேட்கக் கூடாது."

"அப்புறம் எப்படிங்க ஜெயிக்கிறது?"

"ஜெயிக்க வேண்டாம். அவ என் பொண்ணு. என் குடியாலதான் வீட்டை விட்டுப் போனா. அன்னிக்கு என் வண்டியை நிறுத்தி, முகத்தைப் பார்க்காம கருவியை நீட்டி 'ஊதுங்க'ன்னா. இத்தனை வருஷத்துல அவ என்கிட்ட பேசின ஒரே வார்த்தை சார்."