இரண்டு மூடிகள்

“என்ன கண்ணுப்பா உனக்கு! எங்கேருந்து வாங்கிட்டு வந்தே?” என்று ஓவியக்கூடத் தலைவர் புதிதாகச் சேர்ந்த ஓவியனின் முதுகில் தட்டினார். பக்கத்து மேஜையில் செம்மண் கட்டியை அரைத்துக்கொண்டிருந்தவளுக்கு வயிறு எரிந்தது.

பதினோரு வருடமாக அவளும் மண்ணைப் பிசினில் குழைத்துத்தான் மலையும் காடும் வரைகிறாள். இவன் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். வருகிற கண்காட்சியில் நடுச்சுவர் ஒரே ஒருவருக்குத்தான். அதுவும் இவனுக்கே போய்விடும் போலிருந்தது.

இத்தனைக்கும் மண் பொறுக்கப் போனால் அவள் துணை வேண்டும் அவனுக்கு. “அக்கா, இதை அரைச்சா என்ன நிறம் வரும்?” என்று ஒவ்வொரு கட்டியாக நீட்டுவான். அவள் சொல்வதை ஜாடி மூடியில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்வான். உள்ளே இருக்கும் நிறம் வெளியே தெரிகிற கண்ணாடி ஜாடிக்கு எதற்கு இந்த அலட்டல் என்று அவளுக்கு எரிச்சலாக வரும்.

மறுநாள் அவன் கண்காட்சிப் படத்தைத் தொடங்குவதாக இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அவன் ஜாடிகளில் ‘சிவப்பு’ மூடியையும் ‘பச்சை’ மூடியையும் மாற்றிப் போட்டாள். எடுத்ததும் குழம்பட்டும், அரை நாளாவது வீணாகட்டும் என்ற அற்ப ஆசைதான்.

அவன் குழம்பியதாகவே தெரியவில்லை. தட்டி மறைவில் ஒரு வாரம் வரைந்து, துணி போட்டு மூடிவிட்டான்.

கண்காட்சி அன்று தலைவர் துணியை விலக்கினார். பச்சைப்பசேல் என்ற மண்ணில் செக்கச்செவேல் என்று நின்றது காடு. கூட்டம் விடாமல் கை தட்டியது.

“என்ன துணிச்சல்!” என்று தலைவர் அவனைக் கட்டிக்கொண்டார். நடுச்சுவர் அவனுக்கே போனது.

மூடியை மாற்றியதைக்கூட வித்தையாக்கிவிட்டானே என்று அவள் புழுங்கினாள். வாழ்த்துச் சொல்லப் போகாமல் ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவனே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் காதருகே குனிந்தான்.

“உங்ககிட்ட மட்டும் சொல்றேங்க்கா, வெளிய விட்டுடாதீங்க. எனக்குச் சின்ன வயசிலேருந்து சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். நீங்க சொன்னதை மூடியில படிச்சுப் படிச்சுத்தான் பூசறேன்.”

அவள் திரும்பி நடுச்சுவரில் இருந்த சிவப்புக் காட்டைப் பார்த்தாள்.

“எல்லாரும் துணிச்சல், துணிச்சல்ங்கறாங்க. என் காடு பச்சையாத்தானேக்கா இருக்கு?”