கூட்டி வைத்த மணி

பழைய கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்ததும், வெளியூரிலிருந்து வந்த மகள் பிளெசி விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். படம், பாட்டு எதுவும் போகவில்லை. ஆனாலும் ஞானசௌந்தரிக்கு முகம் தெளியவில்லை.

"மணி தப்பா காட்டுது மக்ளே."

"இதாம்மா சரியான நேரம். நெட்ல இருந்து தானா எடுத்துக்கும்."

"அப்பா பத்து நிமிஷம் கூட்டில்லா வச்சிருந்தாவ."

வீட்டுக் கடிகாரங்களை எல்லாம் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். பஸ்ஸைத் தவறவிடக் கூடாதாம். தினமும் பதறியடித்துக் கிளம்புவார். வாசல்வரை போனதும் கூட்டி வைத்தது நினைவு வந்து திரும்புவார். பையை மடியில் வைத்துக்கொண்டு ஞானசௌந்தரியோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார். அவர் காலமானபின், பேட்டரி மாற்ற மாற்ற, சுவர்க் கடிகாரங்கள் ஒவ்வொன்றாய்ச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டன. கம்ப்யூட்டர் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

பிளெசி நெட்டிலிருந்து நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டு மணியைப் பத்து நிமிடம் கூட்டி வைத்தாள். பிறகு துணிகளைப் பையில் அடுக்கி முடித்து, திரையை நிமிர்ந்து பார்த்தவள் பதறினாள்.

"ஐயோ, பஸ் போயிரும்மா!"

ஞானசௌந்தரி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "நேரம் கெடக்கு. உக்காரு."

பிளெசி பையை மடியில் வைத்துக்கொண்டாள்.