கண் சிமிட்டாத விளக்கு

"அந்த ஃபேன் ஸ்விட்ச்ல கை வைக்காதே! பேட்டரி உயிரை விட்டுடும்!"

கணவன் போட்ட சத்தத்தில் மனைவி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். வெளியே புயல் பேயாட்டம் ஆடியது. சாத்திய ஜன்னல்களுக்குள் ஒரே புழுக்கம்.

"அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டுதுங்க."

"வெளிச்சமாவது இருக்கேன்னு சந்தோஷப்படு. தெருவே இருட்டுல கிடக்கு, தெரியுமா?"

அவளுடைய அப்பா செய்தித்தாளை விசிறியாக மடித்து வீசிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 'ஃப்யூஸ் போடத் தெரியாத தையல்காரனுக்கா என் பொண்ணு?' என்று குதித்தவர், கல்யாணத்துக்கும் வரவில்லை. இன்று காலை அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திராவிட்டால் இந்த வாசலை மிதித்திருக்கவே மாட்டார். வந்ததிலிருந்து மருமகனை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தை மாறாதா என்று மகளுக்கு மனசு அடித்துக்கொண்டது.

மருமகனுக்கும் அதே தவிப்புதான். விளக்கு மட்டும் அணையாமல் எரியட்டும், மனுஷன் வாயடைத்துப் போவார். புயல் எச்சரிக்கை வந்ததுமே இன்வெர்ட்டர் வாங்கி, வீடியோ பார்த்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் தானே மாட்டியிருந்தான். மின்னலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜ் உட்பட எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டான். எரிவது ஒரே ஒரு விளக்கு.

"பார்த்தீங்களா மாமா? தெருவுல கரண்ட் போனப்போ இங்கே கண் சிமிட்டக்கூட இல்லை! மாறினதே தெரியலை!"

"ம்... அதான் பார்த்தேன் தம்பி" என்றார் மாமனார்.

காற்று சற்றுத் தணிந்த நேரம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் நனைந்த கோழியாக நின்றார். செல்போன் மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தது.

"கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமா? இந்தத் தெருவுல வெளிச்சம் தெரியறது உங்க வீட்டுல மட்டும்தான்."

"தாராளமா! இந்தப் பக்கம் நாங்க, சுவருக்குப் பின்னால ஆஸ்பத்திரி. ரெண்டு பேர்தான் பிரகாசமா இருக்கோம்!" மருமகனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எல்லாம் என் கைவேலை. எங்க மாமா லைன்மேன், அவர்கிட்டயே கேளுங்களேன்!"

மகள் சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா ஏதாவது குத்தலாகச் சொல்லிவிட்டால்?

அவர் விளக்கைப் பார்த்தார். மருமகன் முகத்தைப் பார்த்தார். மகளையும் பார்த்தார்.

"என்ன கேட்கணும்? எங்க ஆளுங்க மாட்டினா கூட இப்படி நிக்காது" என்றார். "வேலைன்னா இதுதான் வேலை, மாப்பிள்ளை!"

மாப்பிள்ளை! தையல்காரன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். மகள் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்கு ஓடிப்போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது புயலாவது மழையாவது!

டீயோடு வந்தபோது நாற்காலி காலி. வாசலில் கணவன் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்வெர்ட்டர் பெருமையை இன்னும் அளந்துகொண்டிருந்தான். மாடிப்படி அறையில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். அப்பா குனிந்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஷ்... இந்த பேட்டரி வயரை உன் வீட்டுக்காரர் மாட்டவே இல்லைம்மா. தொங்கிட்டிருந்தது. சரி பண்ணிட்டேன்."

"அப்போ... இவ்வளவு நேரமா விளக்கு எப்படிப்பா எரிஞ்சது?"

"கரண்ட் போனாத்தானே? இந்தக் கடைசி வீட்டுக்கு மட்டும் ஆஸ்பத்திரி லைன், பூமிக்கடியில வருது. நான் புதைச்ச கேபிள்தான்" என்றவர், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "மெதுவா பேசு, மாப்பிள்ளை காதுல விழுந்துடப் போகுது!"