எழுபது அடிக் குடல்

"ஐயா, காலையிலேருந்து அது ஒன்னும் தின்னல. வயிறு பானையாட்டம் ஊதிக் கெடக்கு. படுத்துப் படுத்துப் பொரளுது."

பங்களா சமையல்காரி சாரதா போனில் சொல்லச் சொல்ல, தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் நாகரத்தினம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பங்களாவில் அவர் அறிந்த 'அது' ஒன்றுதான். துரையின் குதிரை ராணி.

துரையும் துரைசாணியும் முந்தாநாள்தான் கோலாலம்பூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். போகிற வழியில் துரை ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தி, குதிரையின் உடம்பைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை அவர் கையில் திணித்தார். ராணிக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு வேறு டிரெஸர் தேட வேண்டியிருக்கும் என்று சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். இருபது வருஷமாக தொழிலாளர் லயத்து வீட்டுச் சனங்களின் இருமலுக்கும் அட்டைக்கடிக்கும் மருந்து கொடுத்துவந்த மனிதர் நாகரத்தினம். குதிரைக்குப் பத்தடி பக்கத்தில்கூட அவர் போனதில்லை.

நேரில் போய்ப் பார்க்கவும் வழியில்லை. விடிய விடியப் பெய்த மழையில் பங்களாவுக்குப் போகும் மேட்டுப் பாதை காலையில் சரிந்துவிட்டது. மாட்டு டாக்டரை வரவழைத்தாலும் அவரும் கீழேதான் நிற்க வேண்டும். போன் கம்பி மட்டும் எப்படியோ அறுபடாமல் இருந்தது.

நேற்று என்ன தின்றது என்று கேட்டார். ஒரு சட்டி நிறைய ஓட்ஸ், அதற்கு மேல் ஒரு கூடை கேரட் என்றாள் சாரதா. நாகரத்தினம் புத்தகத்தைப் புரட்டினார். இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னதுதான், ஆனால் சிறுகுடல் மட்டும் எழுபது அடி என்று போட்டிருந்தது. எழுபது அடியில் எந்த மூலையில் கேரட் சிக்கியிருக்கிறதோ என்று குடல் படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு தடவை வாந்தியும் எடுத்துச்சுங்க" என்றாள் சாரதா.

"அது வாந்தி எடுக்காது, சாரதா. எடுக்கவே முடியாது. இரைப்பை வாயில இருக்கிற தசை அவ்வளவு இறுக்கம். நீ பாத்தது நுரையா இருக்கும்."

"மாடசாமி அண்ணன் சட்டையெல்லாம் கெடக்குதுங்களே."

"நுரைதான்" என்றார் நாகரத்தினம். புத்தகத்தில் படத்தோடு போட்டிருக்கும்போது தோட்டக்காரன் மாடசாமியின் சட்டையை யார் நம்புவது?

அடுத்து, தாடைக்கு அடியில் விரலை வைத்து நாடியை எண்ணச் சொன்னார். நாற்பதுக்குள் இருந்தால் நல்லது, அறுபதைத் தாண்டினால் ஆபத்து என்று புத்தகம் சொன்னது. சாரதா போய் எண்ணிவிட்டு வந்து, தொண்ணூறு என்றாள். நாகரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷத்து வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"சாரதா, நல்லாக் கேட்டுக்க. இனிமே அதைப் படுக்கவே விடாதே. படுத்துப் பொரண்டா குடல் முறுக்கிக்கும். கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் பங்களாவைச் சுத்தி நடத்து. நிக்கப் பாத்தா தட்டி விடு."



"கயிறு கட்டலாங்களா?" அவள் குரலில் தெரிந்த மகிழ்ச்சி நாகரத்தினத்துக்கு விளங்கவில்லை.

"கட்டித்தான் ஆகணும். பின்பக்கம் மட்டும் நிக்காதே. கோவம் வந்தா உதைக்கும்."

"செஞ்சாலும் செய்யும்" என்றாள் சாரதா.

பேதிக்கு எண்ணெய் ஒரு கேலன் வேண்டும் என்றிருந்தது புத்தகத்தில். பங்களா அலமாரியில் இருந்ததோ அரை பாட்டில். இருப்பதை ஊற்றச் சொல்லிவிட்டு, நாகரத்தினம் மாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டார். கொஞ்சம் யோசித்து, இரண்டாக்கினார்.

பன்னிரண்டு சுற்று முடிந்தது என்று ஒருமுறை போன் வந்தது. மூச்சு வாங்குகிறது, விடாமல் கத்துகிறது என்றாள். கத்தினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், இன்னும் வேகமாக நடத்து என்றார். இருபதாவது சுற்றுக்குப் பிறகு மறுபடியும் போன் அடித்தபோது எடுக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

"ஐயா, காத்து பிரிஞ்சிருச்சு. கீழ கொழுந்து எடுக்கிறவங்க இடி இடிக்குதுன்னு கூடையைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. வயிறும் எறங்கிருச்சு."

நாகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தார். ஒரு குதிரையைத் தொடாமலே பிழைக்க வைத்த டிரெஸர் இந்த மலையில் வேறு யார் இருக்கிறார்கள்?

"நல்ல வேலை செஞ்ச, சாரதா. இனி பயமில்லை. லாயத்துல கொண்டுபோய்க் கட்டி, ரெண்டு பிடி புல்லு மட்டும் போடு."

"லாயத்துலயா? அங்கதான் ராணி நிக்குதே. அதுக்கு ஒன்னும் இல்லீங்களே, காலையிலேருந்து நல்லாத்தான் புல்லு தின்னுது."

"அப்ப இவ்வளவு நேரம் யாரை நடத்தின?"

"துரைசாணியோட அம்மாவைத்தான். நேத்து மத்தியானம் பினாங்குலேருந்து டாக்சியில வந்து எறங்கினாங்க. வந்ததுலேருந்து என் சமையலைக் குறை சொல்லிக்கிட்டே இருக்கிறவங்களை 'அது'ன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்றது?" சாரதா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா உங்க பேரைக் கேட்டு எழுதி வச்சுக்கிட்டாங்கய்யா. இத்தனை வயசுல தன்னை யாரும் இப்படி நடத்தினதே இல்லைன்னு, மக வந்ததும் மொத வேலையாச் சொல்லப்போறாங்களாம்."