பாறை ஏறும் கயிறு

திருப்பதி முதலாளி ஒருவர் ஏரி நடுவே உள்ள தீவை வளைத்துப் போட்டிருந்தார். கோடையிலும் குளிர்ச்சியான இடம். படகில் வருகிறவர்கள் கயிறு பிடித்துப் பாறை ஏறுவார்கள்.

“இதுவரைக்கும் யாரும் வுழுந்ததில்லம்மா,” என்று கயிறு கட்டும் ஏழுமலை பல்லைக் காட்டினான். நான் மேனேஜர் மேசையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

சித்தூரிலிருந்து வந்திருந்த புதுப்பெண் ஞானமணி அவனை நம்பவில்லை. கணவன் ஏறத் தயாராக நிற்க, அவள் என்னிடம் வந்தாள்.

“அசரியா அண்ணா, நீங்க நம்ம சபைக்காரரு, பொய் சொல்லமாட்டீங்க. யாராச்சும் வுழுந்துகிறாங்களா?”

“இல்லம்மா. தைரியமா ஏறச் சொல்லு.”

அவள் சிரித்துக்கொண்டே போய்க் கணவனை ஏறச் சொன்னாள்.

போன வருஷம் என் மனைவி லோயிஸ் அந்தப் பாறையிலிருந்துதான் விழுந்து செத்தாள். மாரடைப்பு என்று போலீசுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அதற்கு முதலாளி தந்ததுதான் இந்த மேனேஜர் வேலை.